தொடங்கியவர் யார்?

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடி, பாடல் பெற்ற தலமாக மட்டுமன்றி, நன்றியுணர்வுக்கோர் எடுத்துக்காட்டாகவும் வரலாற்றில் நிற்கிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இவ்வூர் வைத்தியநாதர் கோயிலின் கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிக்கும் முன், சுவர்களிலிருந்த பழைய கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுக்கவும் பணித்தான். அவை முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் புதுச்சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. கட்டியவன் பேரரசன், எனினும், முன்னர்க் கொடையளித்தோர் பெயரை அவன் அழியவிடவில்லை.

இப்பண்பு இல்லாதவிடத்து என்ன நிகழும் என்பதற்குக் கடல் கடந்ததொரு சான்று உண்டு. சித்திரக்கதை இதழ்களைச் சேகரிக்கும் ஆர்வலர்கள் சிலர் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1970 மார்ச் 21 அன்று ஒருநாள் கூட்டமும், அவ்வாண்டு ஆகஸ்டில் மூன்றுநாள் மாநாடும் நடத்தினர். அன்று வந்தோர் சில நூற்றுவரே. பிற்காலத்தில் அம்மாநாடு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோரை ஈர்க்கலாயிற்று. புகழ் வளரவே, உரிமை வழக்கும் வளர்ந்தது. டெட்ராய்ட் நகரில் இத்தகைய விழா நடத்திய பட்டறிவோடு வந்த ஷெல் டார்ஃப் ஒருவரையே நிறுவனர் என்பர் பலர். தொடக்கச் செலவுக்குப் பணம் தந்த இளைஞர் ரிச்சர்ட் ஆல்ஃப், புத்தக வணிகர் கென் குரூகர், மைக் டவுரி முதலியோரும் நிறுவனரே என்பர் வேறு சிலர். 2009இல் டார்ஃப் மறைந்த பின்னரும் இப்பேச்சு ஓயவில்லை.

இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. எண்ணம் ஒருவருடையது, பொருள் ஒருவருடையது, உழைப்பு பலருடையது. மூன்றையும் 'நிறுவனர்' என்னும் ஒருமைச் சொல்லுள் அடைக்க முயல்வதே பிணக்கின் வேர்.

நம் இலக்கியத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. சீறாப்புராணம் என்றதும் வள்ளல் சீதக்காதியின் பெயரே மக்கள் நாவில் முந்துகிறது. அவர் மறைவுக்குப்பின் பணி தொடரத் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். உமறுப்புலவர் அவரை நூலுள்ளேயே போற்றிப் பாடியமையால் அவர் கொடை மறையாது நின்றது. புலவர் பாடாது விட்டிருப்பின், அப்பெயர் இன்று எங்கே?

"நற்செயலுக்குத் தூய எண்ணம் போதும், பெயர் எதற்கு?" எனச் சான்றோர் சிலர் வினவலாம். தன் பெயரை மறைப்பது கொடுத்தவர்க்கு அழகு. ஆனால் அதனை மறைக்கும் உரிமை பெற்றவர்க்கு இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் அறிவுறுத்துகிறது. பிறர் உழைப்பால் பயன்பெறுவதும் ஒரு கடனே அன்றோ?

ஆதலின், மன்றமோ மாநாடோ தொடங்குவோர் முதல் கூட்டத்திலேயே குறிப்பேடு திறத்தல் வேண்டும். யார் முன்மொழிந்தார், யார் பணம் தந்தார், யார் அழைப்பிதழ் சுமந்து அலைந்தார் என்பவற்றைத் தனித்தனியே எழுதுதல் வேண்டும். 1973இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டையும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் நேரிற் கண்ட முதியோர் இன்று நம்மிடையே அருகி வருகின்றனர். மாணவர்காள்! அவர்களைத் தேடிச்சென்று கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். சுவர் மாறலாம், அதில் இருந்த பெயர்கள் மாயக்கூடாது.