அளவறிந்து இடும் மருந்து



இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் வேளைகளில், இப்பொழுதெல்லாம் வாயிற்படியில் நம்மை முதலில் வரவேற்பவர் வீட்டுத் தலைவர் அல்லர். சடை நிறைந்த ஒரு பொமரேனியனோ, குட்டைக் கால் டாக்ஸ்ஹண்டோ, சப்பை மூக்குப் பக் நாயோ அப்பணியை ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைகளோடு விளையாடி, அவர்களோடு ஒரே பாயில் உறங்கும் உயிர்கள் இவை. இச்சிறு நாய்களுக்கு உண்ணியால் நேரும் துன்பத்தையும், உண்ணியைப் போக்குவதாக எண்ணி நாமே இழைக்கும் துன்பத்தையும் குறித்து இம்மாதம் சில சொற்கள். பின்னது முன்னதைவிட விரைவில் உயிரைப் பறிக்கக் கூடும்.

உண்ணியை அற்பமென்று ஒதுக்கலாகாது. நம் வீடுகளில் பெரிதும் காணப்படும் பழுப்பு நிற நாய் உண்ணி, வீட்டுக்குள்ளேயே பெருகும் இயல்புடையது. வயிறு புடைக்க இரத்தம் குடித்த பெண் உண்ணி, நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி உணவின்றிப் பல மாதங்கள் காத்திருக்க வல்லது. அதன் கடியினால் எர்லிக்கியா, பேபீசியா முதலிய கிருமிகள் நாயின் இரத்தத்தில் புகுந்து உண்ணிக் காய்ச்சலை உண்டாக்குகின்றன. நான்கு கிலோ எடையுள்ள நாயின் உடலில் இருக்கும் இரத்தம் மொத்தமே அரை லிட்டருக்கும் குறைவு. அதில் ஏற்படும் சிறு இழப்பையும் அது எவ்வாறு தாங்கும்?

தெள்ளுப்பூச்சியின் கதையும் ஏறத்தாழ இதுவே. நாயின் உடலில் நாம் காணும் தெள்ளுகள் சிறு பகுதிதான். முட்டையும் புழுவும் கூடும் பாயிலும் விரிப்பிலும் தங்கியிருக்கும். கடித்த இடத்தைப் பல்லால் கோதும் நாய் தெள்ளை விழுங்கிவிடுமாயின், அதன் குடலில் நாடாப்புழு தோன்றவும் வழியுண்டு.

ஆதலின் மருந்து தேவையே. எந்த மருந்து, எவ்வளவு என்பதில்தான் நாம் இடறுகிறோம். தொழுவத்தில் மாட்டுக்கென வாங்கிய உண்ணி மருந்து மீதமிருக்கும். அதில் ஒரு மூடியை வாளித் தண்ணீரில் கலந்து நாயையும் குளிப்பாட்டிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மாடு முந்நூறு கிலோ. வீட்டு நாயோ நான்கு கிலோ. அன்றியும், உடல் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஏற்பத் தோலின் பரப்பு மிகுதியாகிறது. தோல்வழியே நஞ்சும் மிகுதியாக இறங்குகிறது. போதாக்குறைக்கு நாய் தன் உடலைத் தானே நக்கும். டெல்டாமெத்ரின் அளவு மீறினால் நடுக்கமும் வலிப்பும் காணலாம். அமிட்ராஸ் மிகுந்தால் மயக்கம் உண்டாகி இதயத் துடிப்புத் தளரும். சிஹுவாஹுவா இனத்துக்கும் நீரிழிவுள்ள நாய்க்கும் அமிட்ராஸ் ஆகாது. முற்காலத்தில் தூவிய கமாக்சின் பொடி நம் நாட்டில் 1997இல் தடை செய்யப்பட்டது. மண்ணெண்ணெயும் கற்பூரமும் பூண்டும் நாய்க்குத் தீங்கே தரும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது முதுமொழி. நஞ்சே மருந்தாகும் இடத்தில் அளவு எத்துணை முதன்மையானது என்று சொல்லவும் வேண்டுமோ? பிடரியில் இடும் பிப்ரோனில் சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 10 கிலோ வரையுள்ள நாய்க்குரிய குழாயில் 0.67 மில்லி இருக்கும். 20 முதல் 40 கிலோ வரையுள்ள நாய்க்குரியதில் 2.68 மில்லி. சரியாக நான்கு மடங்கு! சிக்கனம் கருதிப் பெரிய குழாயை வாங்கிப் பகுத்து இடுவது, அளவைக் கண்மதிப்புக்கு விட்டுவிடுவதாகும். சொட்டு மருந்துகளால் நேர்ந்த தீங்குகளை ஆராய்ந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், சிறிய நாய்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன என்று 2010இல் அறிவித்தது.

எனவே முதற்கண் நாயை நிறுத்துப் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் கருவியில் ஏறுங்கள்; பின்னர் நீங்கள் மட்டும் ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாயின் எடை. அதைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நாயின் வயது, முன்பு வலிப்பு வந்ததுண்டா, சினையாயிருக்கிறதா, வீட்டில் பூனை உண்டா என்பவற்றையும் மறவாமல் சொல்லுங்கள்.

பூனையைப் பற்றி ஏன் கேட்கவேண்டும்? நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே உலை வைக்கும். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் உடலில் போதுமானதாக இல்லை. மருந்திட்ட நாயோடு ஒட்டி உறங்கினாலும் ஆபத்து நேரலாம்.

மருத்துவர் சொட்டு மருந்தைத் தந்தால், பிடரி மயிரை விலக்கித் தோலின்மேல் இடுங்கள். பிப்ரோனிலாயின் முன்னும் பின்னும் இரு நாட்கள் குளிப்பாட்டுதல் கூடாது. மருந்து உலரும்வரை பிள்ளைகள் நாயை அணைக்க வேண்டா. புளூமெத்ரின், இமிடாகுளோப்பிரிட் கலந்த கழுத்துப்பட்டையில் 8 கிலோ வரையுள்ள நாய்களுக்கெனத் தனி அளவு உண்டு. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரு விரல்கள் நுழையவேண்டும்.

வாய்வழி மாத்திரைகளும் வந்துள்ளன. அபாக்சோலானர் ஒரு மாதமும் புளூரலானர் ஏறத்தாழ 12 வாரமும் காக்கும். இவ்வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் நேரலாமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்கள் இவற்றை நன்கு தாங்குகின்றன. எனினும் வலிப்பு நோயுள்ள நாய்க்கு மருத்துவரைக் கேளாமல் தரலாகாது. உறையில் அச்சிட்டுள்ள குறைந்த எடையையும் வயதையும் பாருங்கள். உண்ணி கடித்த பிறகே மாத்திரை அதைக் கொல்லும் என்பதால், நாள்தோறும் நாயைத் தடவிப் பார்க்கும் கடமை நமக்கு நீங்குவதில்லை. காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டா. தீக்குச்சியால் சுட வேண்டா.

நாய்க்கு மருந்திட்டு வீட்டை மறந்தால் பயனில்லை. படுக்கையைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். வீட்டுக்கு மருந்து தெளித்தால், அது உலரும்வரை பிள்ளைகளும் நாயும் வெளியே இருக்கட்டும்.

மருந்திட்டபின் எச்சில் ஒழுகினாலோ, உடல் நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ காலம் தாழ்த்தாதீர்கள். தோலில் இட்ட மருந்தாயின் மென்மையான சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மருந்தின் உறையுடன் மருத்துவரிடம் விரையுங்கள். உணவு வெறுத்தல், காய்ச்சல், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் குறிகளாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை தேவை. மருத்துவர் குறித்த நாட்கள் முழுவதும் மருந்து கொடுங்கள். இரண்டாம் நாளே வாலை ஆட்டுகிறதென்று நிறுத்திவிடாதீர்கள்.

தனக்கு இட்ட மருந்து எதுவென்று கேட்க அவ்வாயில்லா உயிரால் இயலாது. நம் கை எதைத் தடவினாலும் நம்பி நிற்கிறது. அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையோராய் இருத்தல் நம் பொறுப்பு. இவ்வாரமே நாயை நிறுத்து, அந்த எடையை அடுக்களை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.