கனவைக் கொடுப்பது யார்?

யுத்தத்திலோ கொடுமையிலோ சிக்கிப் பிழைத்தவன் இரவில் அலறி எழுந்தால், பேய் என்றும் பூர்வஜென்ம வினை என்றும் சொல்லிக் காசு பறிக்க ஒரு கூட்டமிருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை வைத்தியர்கள் புரோபோஃபால் என்னும் மயக்க மருந்தை அளந்து கொடுத்து, மூளையின் மின் அலைகளைக் கருவியில் கவனித்துக்கொண்டே நோயாளியை மெள்ளத் தெளியவைக்கிறார்கள். தெளிகிற நேரத்தில் கனவு வருகிறது. அதன்பின் சிலருக்குப் பழைய திகில் தணிந்ததாக 2022லும் 2024லும் எழுதியிருக்கிறார்கள். கனவு தெய்வ வாக்கானால், மருந்தின் அளவுக்கா அடங்கி நடக்கும் என்று கேட்கிறோம்.

ஆனால், தோழர்களே, பார்த்ததோ சிலரைத்தான். நிறையப் பேரிடம், மருந்து பெறாதவர்களோடும் ஒப்பிட்டு ருஜுவாகுமுன், வைத்தியர் சொன்னாரென்று நம்புவதற்கும் பூசாரி சொன்னாரென்று நம்புவதற்கும் நாம் பேதம் காணவில்லை. தவிரவும், அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும் மருந்து அது.