கருவி மூப்பெய்தும், எழுத்து நிற்க வேண்டும்

கணினி வாங்க விழையும் மாணவரும் பெற்றோரும் நம்மிடம் கேட்கும் முதல் வினா, "எந்த நிறுவனத்தின் கணினி சிறந்தது?" என்பதாகும். அடுத்த வினா, "என்ன விலை ஆகும்?" என்பது. மூன்றாவதாக ஒரு வினா உண்டு. அதனைக் கேட்போர் அரியர். "இதில் நான் எழுதி வைப்பது இருபது ஆண்டுகள் கழித்தும் படிக்கக் கிடைக்குமா?" என்பதே அவ்வினா. தமிழ் கற்போரும் கற்பிப்போரும் முதற்கண் கேட்க வேண்டியது இம்மூன்றாம் வினாவே என்பது நம் துணிபு.

கணினி சில ஆண்டுகளில் மூப்பெய்தும் கருவி. அதனை மாற்றிக்கொள்ளலாம், பழுது நீக்கலாம். ஓர் ஆய்வு மாணவர் மூன்றாண்டு உழைத்துத் தட்டச்சிட்ட ஆய்வேட்டைக் கடையில் வாங்க இயலாது. விலை பற்றிய கவலையை விட்டுவிடுக என்று நாம் கூறவில்லை. விலை எதற்காகக் கொடுக்கப்படுகின்றது என்பதை எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றே கூறுகின்றோம்.

ஏடுகள் உணர்த்தும் பாடம்

இதனை நமக்குக் கற்பிப்பவை பழைய ஏடுகளே. பல ஊர்களில் பலர் கையில் படிகள் இருந்த நூல்கள் பிழைத்தன. ஓரிடத்தில் ஒரே படியாக இருந்தவை கரையானுக்கும் நீருக்கும் தீக்கும் இரையாயின. உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏட்டிலேயே வாழ்ந்தது. 1842ஆம் ஆண்டு புலவர் நாயகம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனை அச்சேற்றினார்கள். ஏட்டுப்படிகள் எஞ்சியிருந்தமையாலன்றோ அப்பணி கைகூடிற்று!

படி எஞ்சியிருப்பது மட்டும் போதாது என்பதற்கு அரபுத்தமிழ் நூல்கள் சான்றாகும். தமிழ் மொழியை அரபு எழுத்துகளில், தமிழொலிக்கெனச் சில எழுத்துகளைப் புதிதாக அமைத்து, நம் முன்னோர் எழுதினர். நூல்களாக அச்சிடவும் செய்தனர். அந்நூல்கள் இன்றும் சில இல்லங்களில் பேணப்படுகின்றன. ஆனால் அவற்றைத் தடையின்றிப் படிக்க வல்லார் மிகச் சிலரே. மொழி நம்முடையது, தாளும் கையில் உள்ளது, எழுத்து மட்டும் பூட்டிக் கிடக்கின்றது.

ஆக, எழுத்துக்கு வரும் இடர்கள் இரண்டு. ஒன்று, படி அழிதல். மற்றொன்று, படி இருந்தும் எழுத்தை அறிய இயலாமற் போதல். கணினியிலும் இவ்விரண்டு இடர்களே உள்ளன. அவற்றுள் பின்னதை முதலில் காண்போம்.

எழுத்துருவும் குறியீடும்

கணினி தன்னுள் எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாகவே வைத்திருக்கின்றது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியீடு எனப்படும். 1990களில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர் பலரும் தத்தமக்கென ஒரு குறியீட்டை வகுத்துக்கொண்டனர். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்ததே அன்றைய வழக்கம். எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சிட்டால், கணினி தன்னுள் சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே ஆகும். பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் அவ்வைந்து குறிகளே காட்சி தரும். நூறு பக்க ஆய்வேடு முழுவதும் அவ்வாறே பொருளற்ற குறிக்கூட்டமாகி நிற்கும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர் பலர் முயன்றனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீடுகளும் தரப்படுத்தப்பட்டன. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 வெளிவந்தபின் அது பொதுப் பயன்பாட்டிற்கு வரலாயிற்று. 2010 ஜூன் திங்களில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழைய குறியீடுகளில் ஏற்றிய இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அதனாலன்றோ அவற்றை இன்று எளிய கைப்பேசியிலும் படிக்க இயல்கின்றது!

இங்கு ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. நம் மாணவர் கைப்பேசியில் தோழர்க்கு விடுக்கும் தமிழ்க் குறுஞ்செய்தி ஒருங்குறியில் அமைகின்றது. எக்கருவியிலும் படிக்கத் தக்கது. அதே மாணவர் ஆய்வேட்டைப் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு ஒப்படைப்பதும் உண்டு. நாளையே மறக்கப்படும் செய்தி நிலைக்கும் வடிவில் உள்ளது; நிலைக்க வேண்டிய ஆய்வோ மறையும் வடிவில் உள்ளது!

"அச்சகத்தார் பழைய எழுத்துருவையே கேட்கின்றனரே" என்று கூறுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருள் ஒருங்குறியை ஏற்காது. அதன் இறுதிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். அதிற் பழகிய கைகள் எளிதில் மாறுவதில்லை. எனினும் இதற்கு வழி உண்டு. மூலத்தை ஒருங்குறியில் எழுதி வைத்துக்கொண்டு, அச்சகத்திற்கென ஒரு படியை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். மாற்றித் தரும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும், ஔகாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் அமர்ந்திருப்பது பழைய கோப்புகளில் பெருவழக்கு.

தட்டச்சுப் பயில்வோர்க்குத் தமிழ்99 முறையையே நாம் பரிந்துரைப்போம். உயிர் இடப்பக்கமும் மெய் வலப்பக்கமும் அமைய, உயிர்மெய்யைக் கணினியே கூட்டித் தரும் முறை அது. நன்னூல் பயின்றோர்க்கு அது புதிதன்று. ஆங்கில ஒலிப்பு வழியே தமிழை எழுதுவோர், னகர ணகரமும் லகர ளகர ழகரமும் எவ்வாறு வரும் என்று ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்க்க வேண்டியவராகின்றனர்.

கருவி வாங்குமிடத்து

இனிக் கருவிக்கு வருவோம். கடைக்காரர் செயலியின் பெயரையும் தலைமுறையையும் பெரிதாக எடுத்துரைப்பார். எழுதுவதும் படிப்பதுமே பணியாக உடையவர்க்கு அதனினும் முதன்மையானவை இரண்டு. நினைவகம் எட்டு ஜி.பி.க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும், சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையினதாக இருத்தல் வேண்டும். பழைய வன்தட்டில் சுழலும் தட்டும் அசையும் கரமும் உண்டு. கீழே விழுந்தால் பழுதுறும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு இல்லை, விரைவும் மிகுதி. ஏழெட்டு ஆண்டு பழமையான கணினியிலும் வன்தட்டை அகற்றி இதனைப் பொருத்தினால், புதிது வாங்கும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே அது மறுவாழ்வு பெறுவதைக் காணலாம். ஒரு டி.பி. என்று வாங்கியது 931 ஜி.பி. என்று காட்டினால் கடைக்காரர்மேல் ஐயுற வேண்டா. ஆக்குவோர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024, 1024 ஆகவும் எண்ணுவதால் நேரும் வேறுபாடே அது.

விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்கவியலாத கணினிகள் பல நல்ல நிலையில் உள்ளன. அவற்றைக் குப்பையில் இடுவது வீண்விரயம். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒருங்குறித் தமிழும் தமிழ்99உம் அவற்றில் இயங்குகின்றன. அலுவலகப் பணிகளுக்கு லிப்ரே ஆபிஸ் உண்டு. அது பயன்படுத்தும் ஓடிஎஃப் என்னும் கோப்பு வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இவை இருக்கக் கள்ளப்படி மென்பொருளை நாடுவானேன்? அது பிறர் உழைப்பைக் கவர்தல் என்பது ஒருபுறம். அதனுடன் நச்சுநிரலும் புகுந்து, இருப்பதையும் அழித்துவிடக்கூடும் என்பது மறுபுறம்.

இணைய இணைப்பில் மயக்கம் தருவது வேகக் கணக்கே. விளம்பரத்தில் நூறு என்பது நூறு மெகாபிட். நாம் கோப்புகளை அளப்பதோ மெகாபைட்டில். எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். ஆகவே நூறு என்பது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் மட்டுமே. நூல்களைப் பதிவிறக்கவும் கட்டுரை எழுதவும் அதுவே மிகை. வேகத்தை உயர்த்தக் கொடுக்கும் பணத்தைவிட, இணைப்பு அறுபடாமல் இருக்கின்றதா என்று அண்டை வீட்டாரைக் கேட்டறிவதே பயன் தரும். வீட்டிற்குள் கம்பியில்லா இணைப்பு தளர்ந்தால் உடனே சேவையாளரைக் குறை கூறுதல் வேண்டா. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆயினும் சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைந்தது, ஆயினும் தொலைவு செல்லும்.

படிகள் மூன்று

இனி, படி அழிதல் என்னும் இடர். "எல்லாம் பென்டிரைவில் இருக்கின்றது" என்பது மாணவர் வாயில் அடிக்கடி கேட்கும் சொல். எல்லாம் ஒன்றில் இருப்பதே இடர் என்பதை அவர் உணர்வதில்லை. மின்னூட்டமின்றி ஆண்டுக்கணக்கிற் கிடந்தால் அதில் பதிந்தவை மெல்ல மெல்ல மறையக்கூடும். "இணையத்தில் ஏற்றிவிட்டேன்" என்பது மற்றொரு சொல். கணினியோடு இணைந்தியங்கும் இணையச் சேமிப்பில், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கல்லூரி வழங்கிய மின்னஞ்சற் கணக்கோ படிப்பு முடிந்தபின் மூடப்படலாம். அதிலுள்ளதைத் தம் சொந்தக் கணக்கிற்கு முன்னரே மாற்றிக்கொள்ளுதல் அறிவுடைமை.

அறிந்தோர் வகுத்த நெறி எளியது. படிகள் மூன்று, அவை இருவகைச் சேமிப்பில் அமைதல், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல். கணினியில் ஒன்று, புற வன்தட்டில் ஒன்று, இணையத்தில் அல்லது உறவினர் இல்லத்தில் ஒன்று. முடிந்த ஆய்வேட்டைத் தாளில் அச்சிட்டும் வைத்தல் மிக நன்று. மின்சாரமின்றியும் படிக்கக் கூடியது தாள் ஒன்றே.

துறைகள் ஆற்ற வேண்டிய பணி

தனியொருவர் கடமை இதுவாக, தமிழ்த்துறைகளுக்கும் ஒரு கடமை உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் கல்லூரிகள் வெளியிட்ட மலர்கள், கருத்தரங்கக் கோவைகள், மாணவர் ஆய்வேடுகள் ஆகியவற்றின் கணினிக் கோப்புகள் குறுந்தகடுகளிலும் பயன்பாடற்ற கணினிகளிலும் பழைய எழுத்துருக்களில் உறங்குகின்றன. அவற்றைத் திறந்து காட்டவல்ல எழுத்துருக்களும் அவற்றை அறிந்த தட்டச்சாளர்களும் இன்னும் இருக்கின்றனர். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. ஆண்டுக்கு ஐந்து மலர்களை ஒருங்குறிக்கு மாற்றி மெய்ப்புத் திருத்துவதை முதுகலை மாணவர்க்குரிய பயிற்சியாகவே அமைக்கலாம். பதிப்புக் கலையை ஏட்டில் மட்டும் படிப்பதினும் இது மேலான பயிற்சியாகும். அரபு மேற்கோளும் தமிழ் உரையும் ஒரே பக்கத்தில் பிழையின்றி அமைய ஒருங்குறி இடம் தருவதால், நம் கல்லூரிகளுக்கு இப்பணி மேலும் பொருந்துவதாகும்.

மாணவச் செல்வங்களே! புதிய கணினி உங்கள் கைக்கு வரும் நாளில், அதன் விலையைப் பிறர்க்கு உரைக்கும் முன், நீங்கள் எழுதியவற்றை ஒருங்குறியில் மூன்று படிகளாக்கி வையுங்கள். பெற்றோர்களே! கணினிக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் புற வன்தட்டு ஒன்றிற்கென ஒதுக்குங்கள். முன்னோர் ஓலையில் காத்துத் தந்ததை நாம் படிக்கின்றோம். நாம் கணினியில் எழுதுவதை நம் பின்னோரும் படித்தல் வேண்டும்.