ரவுட்டரை எங்கே மாட்டினார்கள்?

இளம்பிள்ளை பக்கம் தறி ஓட்டுகிற பல வீடுகளில் இன்று சேலை விற்பது போன் வழியாகத்தான். மதிய வேலை முடிந்ததும் வீட்டுப் பெண்கள் லைவ் போடுவார்கள். சேலையைப் பிரித்து முந்தானையைக் காட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டால், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் எனக்கு போன் வரும். “அண்ணா, நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க, ஆளை அனுப்புங்க.”

கேபிள் டிவி காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்கள் பெரிய கம்பெனியோ உள்ளூர் ஆளோ, வேலையை வாசலோடு முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். அந்தக் குடும்பம் எந்த அறையில் உட்கார்ந்து பிழைக்கிறதோ, அங்கே வேகத்தை அளந்து காட்டிய பிறகுதான் இணைப்பு கொடுத்ததாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது கடினமே இல்லை. ரவுட்டரில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் போய்விட்டது என்று அர்த்தம். அணில் கடித்திருக்கும், வைக்கோல் லாரி இழுத்திருக்கும். பவர் மீட்டரில் மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே காட்டினாலும் ஃபைபர் பக்கம்தான் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் லேன் ஒயரை ரவுட்டரில் செருகி, லேப்டாப்பில் வேகத்தைப் பார்க்கலாம். கட்டிய பணத்துக்கான வேகம் அங்கே வந்தால் குறை வைஃபையில், அதாவது வீட்டுக்குள். நான் போய்ப் பார்க்கிற புகார்களில் இந்த வகைதான் அதிகம்.

தறிக்காரர் வீடு எப்படி இருக்கும்? முன்னால் தறிக்கூடம், மேலே தகரக் கூரை, உள்ளே வரிசையாக இரும்புத் தறிகள். அதைத் தாண்டி ஒன்பது இஞ்ச் சுவர், ஹால், இன்னொரு சுவர், அதில் சாய்ந்தபடி சேலத்து இரும்பு பீரோ. லைவ் போடுவது அதற்கும் பின்னால், சத்தம் கேட்காத அறையில். ரவுட்டரோ கம்பத்துக்குப் பக்கம் என்பதால் மீட்டர் பெட்டிக்கு அருகிலேயே தொங்கும். வைஃபை அலை இரும்பில் பட்டால் திரும்பிவிடும், கனமான சுவரில் பாதி கரைந்துவிடும். அப்படி ஒரு வீட்டில் ஃபைபரை உள்ளே நீட்டி, ரவுட்டரைப் பின்னறை நிலைக்கு மேலே மாட்டினோம். பிளான் அதேதான், ரவுட்டரும் பழையதுதான். லைவ் அதன் பிறகு நிற்கவில்லை.

இந்த வீட்டுக்காரர் முதலில் கஸ்டமர் கேருக்குப் பேசியபோது கிடைத்த பதில், “பிளானை ஏத்திக்கோங்க.” இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். சுவரைத் தாண்டாத வேகத்தை இரட்டிப்பாக்கி யாருக்கு லாபம்? கடையில் விற்கும் மலிவு ரிப்பீட்டரும் அப்படித்தான். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகத்தில் பாதியை அதுவே தின்றுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. நல்ல காரியம். ஆனால் சேலம் செவ்வாப்பேட்டை போல வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் எல்லா ரவுட்டரும் 2.4இல் ஒன்றையொன்று இடிக்கின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சானல்கள் 1, 6, 11 மட்டுமே. ரவுட்டர் இருக்கும் அறையில் 5ஐப் பிடிப்பது நல்லது. அது வேகமானது, சுவர் தாண்டத்தான் திணறும். அடிக்கடி தானே அணைந்து எரிகிற ரவுட்டராக இருந்தால் 12 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று எங்கே பார்த்தாலும் புது வீடு எழும்புகிறது. ஏசிக்கு, போர் மோட்டாருக்கு, இன்வெர்ட்டருக்கு எல்லாம் பைப் விடுகிறார்கள். லேன் ஒயருக்கு மட்டும் மேஸ்திரியும் கேட்பதில்லை, வீட்டுக்காரரும் சொல்வதில்லை. தளம் போடும் முன் வாசலிலிருந்து ஹாலின் நடுவுக்கும் மாடிக்கும் ஒரு பைப் விட்டுவிட்டால், கேட் 6 ஒயர் இழுத்து மாடிக்குத் தனி ஆக்சஸ் பாயின்ட் வைக்கலாம். ஒரு ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும்.

மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஃபைபரில் இணைக்கும் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் இருக்கிறது. அந்த ஃபைபரிலிருந்து வீட்டுக்கு இணைப்பு கொடுக்கப்போவது என்னைப் போன்றவர்கள்தான். கையெழுத்து வாங்கும் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்: எந்த அறையில் என்ன வேகம் வந்தது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.