மறதியை முதுமையின் தலையில் கட்டலாகாது

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. தமிழ்நாட்டில் அதனினும் சற்றுக் கூடுதல். பெரியம்மை ஒழிந்ததும், தடுப்பூசிகள் வந்ததும், பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழத் தொடங்கியதும் இப்பேற்றை நமக்குத் தந்தன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியவர்கள்.

ஆயுள் கூடும்போது மறதிநோயும் கூடுகிறது. டிமென்ஷியா என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதனையே. 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும், கல்வி பெற்றோரைவிடப் பெறாதோரிடமும் இது மிகுதி. தா.பழூர் வட்டாரத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் குடும்பத்தைக் காத்த, பள்ளி வாசலை மிதியாத மூதாட்டியர் இம்மூன்று வகையிலும் அடங்குவர்.

ஆயினும், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி நாம் இதனைக் கடந்துவிடுகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஒருவர் பெயர் உடனே நினைவுக்கு வராமல் சற்றுப் பொறுத்து வருவது முதுமையின் இயல்பு. உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பதும், பழகிய தெருவில் வழி தவறுவதும், பணத்தை எண்ணத் தடுமாறுவதும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். வைத்த இடத்தை மறந்துவிட்டு, நகையை மருமகள் எடுத்துவிட்டாள் எனப் பழி சுமத்துவதும் அவ்வாறே. அதனை வீட்டுச் சண்டையாகக் கருதிவிடலாகாது.

மறதி எல்லாம் தீராத நோயும் அன்று. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, கீழே விழுந்தபின் தலைக்குள் தேங்கும் இரத்தம் ஆகியவற்றால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை முதலான 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயின் 45 விழுக்காடு வரையில் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என லான்செட் ஆணையம் 2024இல் கூறியது.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. அவ்வாறு வருவோர் நினைவாற்றல் குறித்தும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எழுத்தறியாதவரிடம் கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை பொருந்தாது. சமையல், கூலிக் கணக்கு, ஊர்த் திருவிழா ஆகியன பற்றி அவர்களையும் வீட்டாரையும் கேட்பதே தகும்.

பராமரிப்பவரையும் மறத்தலாகாது. இரவும் பகலும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் வீட்டில் அவரும் நோயாளியாகிவிடுவார். உடன்பிறந்தோர் முறை வைத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது பெரியவரின் மருந்துச் சீட்டுடன், அவர் எவற்றை, எப்போது முதல் மறக்கிறார் என்பதையும் எழுதி எடுத்து வாருங்கள்.