நாலு ஏக்கரில் மகளுக்கு எத்தனை?

ஒரு தகப்பனார். மனைவி காலமாகிவிட்டாள். ஒரு மகன், ஒரு மகள். பாட்டன் வழி வந்த பூர்வீக நிலம் 4 ஏக்கர். தகப்பனார் உயில் எழுதாமல் கண்ணை மூடிவிட்டார். மகளுக்கு எவ்வளவு?

1956-ம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி மகளுக்கு ஒரே ஒரு ஏக்கர்தான்! பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறந்தபோதே பங்கு உண்டு. ஆகவே முதலில் 2 ஏக்கர் அவனுக்குப் போய்விடும். தகப்பனாரின் பங்கான மீதி 2 ஏக்கரில்தான் இருவருக்கும் சரிபாதி. மகனுக்கு 3, மகளுக்கு 1.

ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியல் சட்டம் சொன்னது 1950-ல். ஆறு ஆண்டு கழித்து வந்த சட்டம் போட்ட கணக்கு இது! குடியிருக்கும் வீட்டையோ, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வந்தால் ஒழிய, பாகம் கேட்கவே மகளுக்கு வழியில்லை.

தங்கைக்கு உண்டு, அக்காளுக்கு இல்லை

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு 1929-லேயே தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 ஆண்டு பிடித்தது. கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது, 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காள் என்ன பாவம் செய்தாளோ!

2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் இந்து சட்டம் மாறியது. கல்யாணம் ஆனவளுக்கும் பங்கு உண்டு. வீட்டில் இருந்த தடையும் நீங்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்துவிட்ட பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது. அந்த 4 ஏக்கரில் மகளுக்கு இப்போது 2.

அப்போதும் வழக்கு ஓயவில்லை. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2015-ல் சொன்னது. அது தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று மூன்று நீதிபதிகள் 2020 ஆகஸ்டு 11-ல் தீர்ப்பளித்தார்கள்.

தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

பத்திர ஆபீசில்...

சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்து பறித்துவிடும். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். "நகை போட்டோம், சீர் செய்தோம், இன்னும் என்ன?" என்பார்கள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற பயத்தில் பல பெண்கள் போட்டுவிடுகிறார்கள்.

ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்றால், அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடவேண்டும். ஏமாற்றியதை நிரூபிக்கும் பொறுப்பும் அந்தப் பெண்ணுக்குத்தான்.