ஆசனப்பட்டிக்குத் தையல் போடலாமா?



போன மாதம் என் தம்பி தன் பிக்கப் வண்டியின் முன் ஆசனப்பட்டியை இழுத்துக் காட்டினான். கதவில் பல தடவை அகப்பட்டு ஓரம் பிய்ந்து, ஒரு வெட்டும் விழுந்திருந்தது. "அக்கா, உங்கட மெஷினில ரெண்டு தையல் போட்டுத் தாங்கோ" என்றான்.

மாட்டேன் என்றேன். "நான் இருக்கிற பக்கம் இல்லைத்தானே, அது மற்றப் பக்கம்" என்றான். அந்த மற்றப் பக்கத்தில்தான் அம்மா இருந்து ஆலயத்துக்கு வருவார். வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டம் முடிந்து உங்களில் யாராவது ஏறுவதும் அங்கேதான்.

எதையும் எறியாமல் திருத்திப் பாவிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அது நல்ல பழக்கம். ஆனால் ஆசனப்பட்டி கிழிந்த காற்சட்டை அல்ல. மோதும்போது உடலின் பாரம் முழுவதையும் அந்த நாடா தாங்க வேண்டும். வெட்டு விழுந்த இடத்தில் மிச்ச நூல்கள்தான் அதைச் சுமக்கும். வீட்டுத் தையல் அந்தப் பலத்தைத் திருப்பித் தராது.

தாதியாக வேலை செய்யும் எனக்கு அந்த நாடாவின் தடம் நன்றாகத் தெரியும். மார்புக்குக் குறுக்கேயும் அடிவயிற்றிலும் நீலம் பாரித்திருக்கும். அதைக் கண்டால் உள்ளே குடலில் காயம் இருக்கிறதா என்று கவனிப்போம். தடம் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும், பட்டி பிடித்து வைத்திருந்ததற்கு அதுவே சாட்சி.

இப்போது நாம் போடும் மூன்று முனைப் பட்டியை 1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்தார். கனடாவில் முதலில் பட்டியைக் கட்டாயமாக்கிய மாகாணம் நமது ஒன்ராறியோ, 1976இல். பிக்கப் போன்ற வண்டிகளில் முன்னால் இருப்பவரின் மரண ஆபத்தைப் பட்டி 60 வீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

அப்படியானால் நாமே மாற்றக் கூடாதா? பழைய வண்டியில் மாற்றலாம் என்பதே என் கருத்து. வண்டியின் மாடல், ஆண்டு, ஆசனம் மூன்றுக்கும் பொருந்தும் புதுப் பட்டியை வாங்க வேண்டும். நாடா முறுகாமல், கழற்றிய அதே இடத்தில், கையேடு சொல்லும் அளவுக்கு போல்ட்டை இறுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய இரும்புக் கடைப் பட்டி மலிவுதான். ஆனால் அது ஏற்கெனவே ஒரு விபத்தில் யாரையாவது தாங்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

புதிய வண்டிகளின் கதை வேறு. மோதும் நொடியில் பட்டியை இறுக்குவதற்கு அதனுள் சிறிய வெடிமருந்து வைத்திருப்பார்கள். காற்றுப்பையோடு சேர்ந்த மின்கம்பியும் இருக்கும். பிழையாகத் தொட்டால் கையிலேயே வெடிக்கலாம். பிழையாக இணைத்தால் தேவைப்படும் நாளில் வெடிக்காமலே போகலாம். யூடியூப் பார்த்துப் பழகும் இடம் அது அல்ல.

தம்பியின் வண்டி அந்த வகை. இரண்டு நாள் வேலையை விட்டு, கராஜில் காசு கொடுத்து மாற்றினான். "சும்மா காசு போச்சு" என்று இன்னும் முணுமுணுக்கிறான். முணுமுணுக்கட்டும். போன ஞாயிறு அம்மா ஏறியதும், கேட்காமலே பட்டியை இழுத்து மாட்டிவிட்டது அவன்தான்.

இந்த வாரம் உங்கள் வீட்டு வாகனத்தில் எல்லாப் பட்டிகளையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பின் ஆசனத்தையும் விடாதீர்கள். நம் பக்கத்துப் பட்டி நன்றாக இருந்தால் போதாது. நம்மை நம்பி ஏறுகிறவரின் பட்டியும் நம் பொறுப்புத்தான்.